அடுக்கி எழுதுதல்: தரவுத்தளத்தில் ஒழுங்கின் பயன்

இலக்கணம், அகராதி, இடப்பெயராய்வு ஆகியன பற்றியே இவ்வரங்கில் பெரிதும் பேசிவந்த நாம், இம்முறை கணினித் தரவுத்தளத்தின் உட்செயல் ஒன்றைப் பொருளாக எடுத்துக்கொண்டமை சிலர்க்கு வியப்பளிக்கலாம். மொழித்தரவுகளை இன்று நாம் தாள் அட்டைகளில் சேர்ப்பதில்லை, தரவுத்தளத்தில் சேர்க்கிறோம். சேர்க்கும் கருவி எவ்வாறு இயங்குகிறது என்பதை அறியாதவர், சேர்த்த தரவில் நேர்ந்த பிழையையும் அறியமாட்டார். எமக்கே அவ்வாறு நேர்ந்தது. அந்நிகழ்ச்சியிலிருந்தே தொடங்குவோம்.

2010களின் தொடக்கத்தில், இங்குள்ள தமிழ் முதியோரின் பேச்சைப் பதிவுசெய்து எழுத்தாக்கும் சிறு பணியொன்றில் ஈடுபட்டிருந்தோம். ஐவர் ஒரே நேரத்தில் ஒலிப்பதிவைக் கேட்டுத் தட்டெழுதுவர். ஒவ்வொரு வாக்கியமும் ஒரு பதிவாகத் தரவுத்தளத்திற்குச் செல்லும். பெரும்பாலான நேரம் கணினி உடனே விடையளிக்கும். ஆனால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை, சேமிப்புப் பொத்தானை அழுத்தியபின் திரை அசைவற்று நின்றுவிடும். பத்து நொடி, இருபது நொடி, சிலபோது அதற்கும் மேல். பொறுமையிழந்தவர் மீண்டும் அழுத்துவார். ஒரே வாக்கியம் இருமுறை பதிவாகிவிடும்.

அன்று அதனைப் பெரிதாகக் கருதவில்லை. மாதங்கள் கழித்து, அருகிய வட்டார வழக்குகளின் வருகையை எண்ணத் தொடங்கியபோதே தவறு புலப்பட்டது. ஒரு மூதாட்டி ஒருமுறை மட்டும் சொன்ன வினைவடிவம் எமது கணக்கில் இருமுறை வந்திருந்தது. அரிய வடிவங்களை ஆராய்பவர்க்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. ஒருமுறை வந்ததை வாய்தவறல் என ஒதுக்கலாம். இருமுறை வந்ததை வழக்கு எனக் கொள்ள நேரும். திரை நின்ற அந்த இருபது நொடி, இல்லாத ஒரு வழக்கை எமது ஏட்டில் உண்டாக்கிவிட்டது.

திரை ஏன் நின்றது? அதற்கான விடையும், அக்குறையைப் பின்னர் தரவுத்தளத்தை ஆக்கியோர் எவ்வாறு குறைத்தனர் என்பதுமே இவ்வுரையின் பொருள்.

குறிப்பேடும் பேரேடும்

நாங்கள் பயன்படுத்திய தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ்கியூஎல். அமெரிக்காவின் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் 1986இல் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் தலைமையில் போஸ்ட்கிரெஸ் என்னும் பெயரில் தொடங்கிய ஆய்வுத்திட்டம், 1996இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் மூலநிரல் எவரும் படிக்கத்தக்கவாறு திறந்திருப்பதால், அது செய்வது எதுவும் மறைபொருளன்று.

இத்தரவுத்தளம் தன் தரவு முழுவதையும் 8 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பகுத்து வட்டிலுள்ள கோப்புகளில் வைத்திருக்கிறது. ஒரு பக்கத்தைப் படிக்கவோ திருத்தவோ வேண்டுமாயின், முதலில் அது நினைவகத்திற்குக் கொண்டுவரப்படும். நினைவகத்தில் அப்பக்கம் தங்கும் இடத்தை இடையகம் என்கிறோம். வட்டுக்கும் பயனருக்கும் இடையில் நிற்பதால் இப்பெயர் பொருத்தமானதே. இயல்பான அமைப்பில் 128 மெகாபைட் நினைவகம் இதற்கென ஒதுக்கப்படுகிறது. அதாவது 16,384 இடையகங்கள். பெரிய நிறுவனங்கள் பல கிகாபைட் ஒதுக்குவது வழக்கம்.

ஒரு பக்கம் நினைவகத்தில் திருத்தப்பட்டவுடனே வட்டிலும் திருத்தப்படுவதில்லை. அவ்வாறு செய்தால் ஒவ்வொரு சிறு திருத்தத்திற்கும் கோப்பின் ஏதோவொரு மூலைக்குச் சென்றுவர வேண்டியிருக்கும். ஆனால் மின்சாரம் நின்றால் நினைவகத்தில் உள்ளது அழிந்துவிடும். இரண்டு இடர்களையும் தவிர்க்கத் தரவுத்தளம் கையாளும் முறை, கணக்கு எழுதுவோர் நெடுங்காலமாக அறிந்த முறையே. அன்றாடக் கொடுக்கல் வாங்கலை நிகழ்ந்த வரிசையிலேயே குறிப்பேட்டில் எழுதுவர். பின்னர் ஓய்வான நேரத்தில் அவரவர் பெயருக்குரிய பேரேட்டுப் பக்கத்தில் ஏற்றுவர். குறிப்பேட்டில் எழுதப்பட்டுவிட்டால் கணக்குத் தொலையாது. பேரேட்டில் ஏற்றுவது சற்றுத் தாமதிக்கலாம்.

தரவுத்தளத்திலும் அவ்வாறே. ஒவ்வொரு திருத்தமும் முதலில் முன்னெழுது பதிவேட்டில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்பட்டு வட்டை அடைகிறது. அது வட்டை அடைந்த பின்னரே, இயல்பான அமைப்பில், பயனருக்குச் ‘சேமிக்கப்பட்டது’ என்னும் விடை கிடைக்கிறது. திருத்தப்பட்ட பக்கம் நினைவகத்திலேயே காத்திருக்கும்.

சொல் பற்றி ஒரு குறிப்பு

ஆயினும் பேரேட்டில் ஏற்றுவதை என்றென்றும் தள்ளிப்போட இயலாது. குறிப்பேடு வளர்ந்துகொண்டே போகும். கணினி திடீரென நின்றுவிட்டால், அப்பதிவேடு முழுவதையும் தொடக்கத்திலிருந்து படித்துப் பக்கங்களைப் புதுப்பிக்க வேண்டிவரும். ஆதலால் குறிப்பிட்ட இடைவெளிகளில், திருத்தப்பட்ட பக்கங்கள் அனைத்தும் வட்டிலுள்ள தம் இடத்தில் எழுதப்படுகின்றன. எழுதி முடித்ததும், ‘மீட்பு தேவைப்படின் பதிவேட்டின் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் போதும்’ என்று ஓர் அடையாளம் இடப்படுகிறது. இயல்பான அமைப்பில் 5 நிமிடத்திற்கு ஒருமுறை இது நிகழ்கிறது. பதிவேடு மிகுதியாக வளர்ந்தால் அதற்கு முன்னரும் நிகழும்.

இதனைக் கணினித்துறையினர் செக்பாயிண்ட் என்பர். சிலர் இதனைச் சோதனைச் சாவடி என்று தமிழாக்குகின்றனர். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடந்து ஜொகூர் பாருவுக்குச் சென்றுவருவோர்க்கு அச்சொல் நன்கு தெரியும். ஆனால் அப்பொருள் இங்குப் பொருந்தாது. தரவுத்தளத்தில் எவரும் எதனையும் நிறுத்திச் சோதிப்பதில்லை. இதுவரை நேர்ந்த திருத்தங்கள் வட்டில் நிலைபெற்றுவிட்டன என்பதற்கான குறியே அது. ஆகவே இவ்வுரையில் நிலைப்புள்ளி என்னும் சொல்லை ஆள்கிறோம். ஆங்கிலச் சொல்லின் உறுப்புகளைத் தனித்தனியே பெயர்ப்பதினும், அச்சொல் குறிக்கும் செயலை நோக்கிப் பெயரிடுவதே கற்போர்க்கு உதவும்.

வந்த இடத்து வரிசை

எமது திரை நின்றது நிலைப்புள்ளியின்போது என்பதைப் பணியிடத்தின் கணினிப் பொறுப்பாளரான இளைஞர் பதிவுக் குறிப்புகளைக் காட்டி விளக்கினார். திரை நின்ற நேரங்களும் நிலைப்புள்ளி முடியும் நேரங்களும் ஒத்திருந்தன.

அக்காலத்துப் போஸ்ட்கிரெஸ்கியூஎல், நிலைப்புள்ளியின்போது இடையகங்களை அவற்றின் எண் வரிசையிலேயே பார்த்துச் செல்லும். திருத்தப்பட்ட பக்கம் எதிர்ப்பட்டால் அதனை எழுதும். கேட்பதற்கு ஒழுங்கான முறையாகவே தோன்றும். ஆனால் அந்த ஒழுங்கு நினைவகத்தின் ஒழுங்கு, வட்டின் ஒழுங்கன்று. எந்தப் பக்கம் எந்த இடையகத்தில் தங்கும் என்பது, அது வந்த நேரத்தில் எந்த இடம் காலியாயிற்று என்பதைப் பொறுத்தது. 1ஆம் இடையகத்தில் ஒரு கோப்பின் 90,000ஆம் பக்கம் இருக்கலாம். 2ஆம் இடையகத்தில் வேறொரு கோப்பின் 7ஆம் பக்கம் இருக்கலாம். 3ஆம் இடையகத்தில் மீண்டும் முதற்கோப்பின் 90,001ஆம் பக்கம் இருக்கலாம். நினைவகத்திற்கு இதனால் இடரில்லை. சுழலும் வட்டுக்கோ இது பேரிடர்.

நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 8.3 மில்லிநொடி ஆகும். எழுதுமுனை உரிய தடத்திற்கு நகரவேண்டும். பின்னர் உரிய பகுதி சுழன்று முனையின் கீழ் வரும்வரை காத்திருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரு தாவலுக்கு 10 மில்லிநொடி எனக் கொள்வோம். 1,00,000 பக்கங்களைச் சிதறிய வரிசையில் ஒவ்வொன்றாக எழுதினால் 1,000 நொடி ஆகும். அதாவது 16 நிமிடத்திற்கும் மேல். அதே 1,00,000 பக்கங்கள் அடுத்தடுத்து அமைந்து, வட்டு நொடிக்கு 100 மெகாபைட் எழுதுமாயின், ஏறத்தாழ 8 நொடியில் பணி முடிந்துவிடும். எழுதும் பக்கம் ஒன்றே, எண்ணிக்கை ஒன்றே; வரிசை மட்டுமே வேறு. நடைமுறையில் எந்தத் தரவுத்தளமும் இவ்விரு எல்லைகளில் ஒன்றில் முழுமையாக நிற்பதில்லை. ஆயினும் இடைவெளி எத்துணைப் பெரிது என்பதை இக்கணக்கு உணர்த்தும்.

இச்சுமையைக் குறைக்க முன்னரும் முயற்சி நடந்தது. 2008இல் வந்த 8.3 பதிப்பு, நிலைப்புள்ளியின் எழுத்துகளை ஒரே மூச்சில் எழுதாமல், அடுத்த நிலைப்புள்ளி வரையுள்ள நேரத்தில் ஒரு பகுதிக்குள் பரப்பி எழுதியது. அப்பகுதி இயல்பான அமைப்பில் பாதியாக இருந்தது. 2021இல் வந்த 14ஆம் பதிப்பில் பத்தில் ஒன்பதாக உயர்த்தப்பட்டது. இது பயனுள்ள மாற்றமே. ஆனால் சுமையைப் பரப்புவது வேறு, சுமையைக் குறைப்பது வேறு.

அஞ்சல்காரரின் முறை

நம் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குக் கடிதம் கொண்டுவரும் அஞ்சல்காரரை நினைத்துப் பாருங்கள். பையில் கடிதங்கள் எந்த வரிசையில் விழுந்தனவோ அதே வரிசையில் அவர் கொண்டுசெல்வாராயின், ஈசூனில் ஒரு கடிதம், பிடோக்கில் ஒரு கடிதம், மீண்டும் ஈசூனில் ஒரு கடிதம் என்று நாள் முழுவதும் அலைவார். அவ்வாறு நிகழ்வதில்லை. புறப்படும் முன்பே கடிதங்கள் பேட்டை, புளோக், வீட்டு எண் என்று பிரிக்கப்படுகின்றன. பிரிப்பதற்குச் சிறிது நேரம் செலவாகும். அச்செலவைக் காட்டிலும் வழியில் மிச்சமாகும் நேரம் பன்மடங்கு.

2016 செப்டம்பரில் வெளிவந்த போஸ்ட்கிரெஸ்கியூஎல் 9.6 பதிப்பு இம்முறையை ஏற்றது. ஃபாபியன் கோயெல்லோவும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்டும் இதனைச் செய்தனர். இப்போது நிலைப்புள்ளி மூன்று படிகளில் நடைபெறுகிறது. முதலில், இடையகங்கள் அனைத்தையும் பார்த்து, அந்நேரத்தில் திருத்தப்பட்டிருக்கும் பக்கங்களுக்கு மட்டும் ஓர் அடையாளம் இடப்படுகிறது. அதன்பின் புதிதாகத் திருத்தப்படும் பக்கங்கள் அடுத்த நிலைப்புள்ளிக்கு உரியவை; இல்லையெனில் பணி முடிவே காணாது. இரண்டாவதாக, அடையாளமிட்ட பக்கங்களின் பட்டியல் வரிசைப்படுத்தப்படுகிறது. மூன்றாவதாக, அவ்வரிசையில் எழுத்து நடைபெறுகிறது.

வரிசையின் அடிப்படை முகவரியே. முதலில், கோப்பு எந்த வைப்பிடத்தில் உள்ளது என்பது. பின்னர் எந்தக் கோப்பு என்பது. இறுதியாக அக்கோப்பில் எத்தனையாவது பக்கம் என்பது. பேட்டை, புளோக், வீட்டு எண் என்பதற்கு இது நேரானது. அஞ்சல்காரர் பிரிப்பது கடிதங்களையே. தரவுத்தளம் பக்கங்களை நகர்த்துவதில்லை, அவற்றின் முகவரிச் சீட்டுகளை மட்டுமே அடுக்குகிறது. ஒரு சீட்டுக்கு 20 பைட் போதும். 8 கிகாபைட் இடையகம் உள்ள கணினியிலும், எல்லாப் பக்கங்களும் திருத்தப்பட்டிருந்தாலும், சீட்டுகளின் மொத்தம் 20 மெகாபைட் அளவே. அவ்விடத்தையும் தரவுத்தளம் தொடங்கும்போதே ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. நிலைப்புள்ளியின் நடுவே ‘நினைவகம் போதவில்லை’ என்று நிற்கும் நிலை வரலாகாது என்பதே இம்முன்னெச்சரிக்கையின் நோக்கம்.

ஒழுங்கு உண்டாக்கிய சிக்கல்

இத்துணை எளிய கருத்து ஏன் 2016 வரை காத்திருந்தது என்னும் ஐயம் எழலாம். கருத்து புதியதன்று, 2007லேயே இது முன்மொழியப்பட்டது. ஆனால் வரிசைப்படுத்துவது மட்டும் போதாது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதற்காரணம் வைப்பிடங்களைச் சார்ந்தது. தரவு மிகுந்த நிறுவனங்கள் சில கோப்புகளை ஒரு வட்டிலும், வேறு சிலவற்றை மற்றொரு வட்டிலும் வைக்கும். முகவரி வரிசையை அப்படியே பின்பற்றினால், முதல் வட்டின் பணி முழுவதும் முடிந்த பின்னரே இரண்டாம் வட்டின் பணி தொடங்கும். ஒன்று மூச்சுத்திணற, மற்றொன்று வாளாவிருக்கும். பழைய சிதறிய முறையில் இக்குறை இல்லை. சிதறலே சுமையைத் தற்செயலாகப் பகிர்ந்தது. இதற்குத் தீர்வாக, ஒவ்வொரு வைப்பிடத்திலும் பணி எத்துணைப் பங்கு முடிந்துள்ளது என்பது கணிக்கப்படுகிறது. பின்தங்கியுள்ள வைப்பிடத்திலிருந்து அடுத்த பக்கம் எடுக்கப்படுகிறது. ஒன்றில் 60,000 பக்கங்களும் மற்றொன்றில் 20,000 பக்கங்களும் இருந்தால், அங்கு மூன்று பக்கம் எழுதும்போது இங்கு ஒரு பக்கம் எழுதப்படும். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடியும். ஒவ்வொரு வைப்பிடத்தின் உள்ளேயும் வரிசை குலையாது.

இரண்டாம் காரணமே எமது திரை நின்றதை நேரடியாக விளக்குவது. தரவுத்தளம் ஒரு பக்கத்தை ‘எழுதினேன்’ என்று கருதும்போது அது உண்மையில் வட்டை அடைந்திருப்பதில்லை. இயங்குதளம் அதனை வாங்கித் தன் நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. தனக்கு வசதியான நேரத்தில் வட்டுக்கு அனுப்புகிறது. நிலைப்புள்ளியின் இறுதியில் தரவுத்தளம், ‘இதுவரை கொடுத்தவை அனைத்தும் வட்டை அடைந்தாகவேண்டும்’ என்று கட்டளையிடும். அதுவரை தேங்கியிருந்த நூற்றுக்கணக்கான மெகாபைட் அப்போது அணை உடைந்தாற்போல் வட்டின்மீது பாயும். அதே வட்டில்தான் முன்னெழுது பதிவேடும் இருந்தது. ஓர் எழுத்தாளர் சேமித்த ஒரு வாக்கியம் பதிவேட்டில் ஏறுவதற்கும் அந்த வெள்ளத்தின் பின்னால் வரிசையில் நிற்க நேர்ந்தது. அதனால்தான் அவருக்கு விடை வரவில்லை.

இயங்குதளமே எழுத்துகளை அடுக்கிக்கொள்ளுமே, தரவுத்தளம் ஏன் அடுக்கவேண்டும் என்னும் எதிர்வாதத்தின் குறையும் இங்கே விளங்கும். இயங்குதளம் நன்கு அடுக்கவேண்டுமாயின் நிறையத் தேக்கவேண்டும். நிறையத் தேக்கினால் இறுதியில் வெள்ளம் வரும்.

ஆகவே 9.6 பதிப்பு மற்றொன்றையும் சேர்த்தது. லினக்ஸ் இயங்குதளத்தில், நிலைப்புள்ளியின்போது 256 கிலோபைட், அதாவது 32 பக்கங்கள், எழுதியவுடன், ‘இவற்றை இப்போதே வட்டுக்கு அனுப்பத் தொடங்குக’ என்று இயங்குதளத்திற்குக் குறிப்புணர்த்தும். தேக்கம் சிறிதாகவே இருக்கும். இறுதிக் கட்டளை வரும்போது எஞ்சியிருப்பது சிறிதளவே. கோப்புகள் சிதறிய வரிசையில் எழுதப்பட்டிருந்தால், இவ்வாறு சிறுசிறு பகுதியாக அனுப்புவது வட்டை ஓயாது தாவச்செய்து மேலும் கெடுக்கக்கூடும். பக்கங்கள் அடுக்கப்பட்டிருப்பதனாலேயே அந்த 32 பக்கங்கள் பெரும்பாலும் அருகருகே அமைந்து ஒரே ஓட்டத்தில் எழுதப்படுகின்றன. அடுக்குதலும் அவ்வப்போது அனுப்புதலும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன. தனித்து நின்றால் ஒவ்வொன்றின் பயனும் குறைவு.

எல்லைகள்

இம்முறை எல்லா இடத்தும் ஒரே அளவு பயன்தருவதன்று. இன்று பரவிவரும் திடநிலை வட்டுகளில் சுழற்சியில்லை, நகரும் முனையில்லை. சிதறிய எழுத்தால் நேரும் இழப்பு அவற்றில் மிகக் குறைவு. ஆயினும் அருகருகே உள்ள பக்கங்கள் ஒன்றிணைந்து பெரிய எழுத்தாகச் செல்வதால் அங்கும் ஓரளவு நன்மை உண்டு. திருத்தங்கள் மிகப்பெரிய கோப்பொன்றில் தொலைதொலைவாகச் சிதறியிருந்தால், அடுக்கியபின்னும் பக்கங்கள் அடுத்தடுத்து அமையா. முனையின் நகர்வு ஒரே திசையில் செல்லும் என்னும் அளவிலேயே பயன் நிற்கும்.

அளவிடும் முறையிலும் ஒரு பாடம் உண்டு. நொடிக்குச் சராசரியாக எத்தனை பதிவு நடைபெற்றது என்று மட்டும் பார்ப்பவர்க்கு எமது பழைய தரவுத்தளம் குறையற்றதாகவே தோன்றியிருக்கும். ஒரு மணி நேரத்தில் சில நிமிடம் நின்றது சராசரியில் கரைந்துவிடும். தட்டெழுதியவர்க்கோ அந்தச் சில நிமிடமே பிழைக்கு வாயிலாயிற்று. மிக நீண்ட காத்திருப்பு எவ்வளவு என்பதையும் கேட்டறிதல் வேண்டும்.

எமது பணிக்குத் திரும்புவோம்

9.6 பதிப்பு வெளிவந்தபின், அதே இளைஞர் எமது தரவுத்தளத்தை அதற்கு மாற்றினார். கணினி பழையதே, வட்டும் பழையதே. திரை நிற்பது முற்றாக நீங்கவில்லை. ஆனால் இருபது நொடி என்பது ஓரிரு நொடியாகக் குறைந்தது. மீண்டும் பொத்தானை அழுத்தும் பழக்கம் தானே மறைந்தது. தட்டெழுதும் செயலியிலும் ஒரு திருத்தம் செய்தோம்: ஒவ்வொரு வாக்கியத்திற்கும் முன்கூட்டியே ஓர் அடையாள எண் தரப்படும், எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு பதிவே ஏறும். உண்மையில் இதனை நாம் தொடக்கத்திலேயே செய்திருக்கவேண்டும். வட்டின் தாமதம் பிழைக்கு இடந்தந்தது. இடந்தராத அமைப்பை உருவாக்காதது எமது குறை.

முன்பே ஏறியிருந்த இரட்டைப் பதிவுகளைக் களைய ஒலிநாடாக்களை மீண்டும் கேட்பதன்றி வேறு வழியில்லை. சில முதியோர் உண்மையாகவே ஒரு வாக்கியத்தை இருமுறை கூறியிருந்தனர், அவற்றை நீக்கலாகாது. ஐயத்திற்குரிய ஒவ்வோர் இணையையும் ஒலியுடன் ஒப்பிட்டோம். அந்த மூதாட்டியின் வினைவடிவம் நாடாவில் ஒருமுறையே ஒலித்தது. அதனை வழக்கு எனக் குறித்திருந்த பத்தியை எமது கட்டுரையின் வரைவிலிருந்து நீக்கிவிட்டு, ‘ஒரே சான்று’ என்னும் குறிப்புடன் பட்டியலில் மட்டும் வைத்தோம்.